வேகாத கடலை

கொண்டைக்கடலை வேகவில்லை. ஒரு மணி நேரமாக அடுப்பில் கிடக்கிறது, ஒன்றை எடுத்துக் கடித்தால் நறுக்கென்கிறது. நன்றாக இருட்டிவிட்டது. கூட வந்த நண்பன் ஒன்றும் பேசாமல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

என் முதல் ஐந்து நாள் மலைநடையின் இரண்டாம் இரவு அது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் கூடாரம் போட்டிருந்தோம். உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அங்கே தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆவிதான் போகும், கேஸும் போகும். ஐந்து நாளுக்கென்று கொண்டுபோன 230 கிராம் கேஸ் டப்பாவைக் கையில் எடுத்தபோது லேசாக இருந்தது. அன்றிரவு பிஸ்கட்.

மறுநாள் காலை இன்னொரு தவறும் புரிந்தது. கடலை வேகாவிட்டால் என்ன, டின் உணவு இருக்கிறதே என்ற தைரியத்தில் நான்கு டின்கள் வேறு முதுகில் ஏற்றியிருந்தேன். 400 கிராம் டின்னைத் திறந்து வடிகட்டினால் உள்ளே 240 கிராம் பயறுதான். மிச்சமெல்லாம் தண்ணீர். அந்தப் பயறுக்குள்ளும் பாதிக்கு மேல் தண்ணீர். ஓடை சலசலக்கும் மலைக்கு நான் தண்ணீர் சுமந்துகொண்டு போயிருக்கிறேன்! தின்று முடித்த பிறகு காலி டின்னையும் சுமந்துதான் இறங்கவேண்டும், அங்கே எறிந்துவிட்டு வரக்கூடாது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக உணவை உலர்த்தக் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அதே கடலையை வீட்டுக் குக்கரில் குழைய வேகவைத்து, தக்காளி, வெங்காயம், மசாலாவோடு கெட்டியான குழம்பாக்கி, கடலையைப் பாதி மசித்துவிட்டு, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, 57 டிகிரி போல வைத்து உலர்த்தும் கருவியில் விட்டுவிட வேண்டியது. ராத்திரி வைத்தால் காலையில் மொறுமொறுவென்று உடையும். முழுக்கடலையாகப் போட்டால் வெளியே காய்ந்து நடுவில் ஈரம் தங்கிவிடும். அப்படி ஒரு பொட்டலம் பூசணம் பிடித்துப் போனது.

எண்ணெய் மட்டும் சேர்க்கக்கூடாது. எண்ணெய் உலராது, சில நாளில் சிக்கு வாடை அடிக்கும். அதனால் எண்ணெயைத் தனியாக ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு, சாப்பிடும்போது ஊற்றிக்கொள்கிறேன். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு நான்கு கலோரி என்றால் கொழுப்பில் ஒன்பது. 100 மில்லி எண்ணெயில் 800 கலோரிக்கு மேல் இருக்கிறது. வீட்டில் பயந்து பயந்து ஊற்றுகிற எனக்கு, மலையில் தட்டில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்தால் தனி சந்தோஷம்.

இப்போது ஒரு நாளுக்கு 650 கிராம் சாப்பாடு எனக்குச் சரியாக இருக்கிறது. காலையில் ஓட்ஸ், பால் பவுடர், உலர்திராட்சை, கொஞ்சம் சர்க்கரை எல்லாம் வீட்டிலேயே கலந்து நாளுக்கொரு பொட்டலம். வெந்நீர் ஊற்றி மூடினால் போதும். மதியம் அடுப்பே பற்றவைப்பதில்லை. நடந்துகொண்டே கொறிக்க பாதாம், முந்திரி, நிலக்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. இரவுக்கு மட்டும் சூடாக ஏதாவது வேண்டும். இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் லேசு, ஆனால் இடத்தை அடைக்கும், ஒன்பது மணிக்கே மறுபடி பசிக்கும். கோதுமை ரவையில் செய்த சின்னச் சின்ன மணிகளான கூஸ்கூஸ் எனக்குப் பிடித்துவிட்டது. கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் பொலபொலவென்று வந்துவிடும்.

உயரத்தில் பசி மந்தமாகிவிடும் என்பதையும் கணக்கில் வைத்திருக்கிறேன். வீட்டில் நாக்குக்குப் பிடிக்காதது அங்கே தொண்டையில் இறங்காது. சத்து பார்த்து வாங்கிய புரதக் கட்டிகளை ஒரு பயணம் முழுக்கச் சுமந்து அப்படியே திருப்பிக் கொண்டுவந்த அனுபவம் உண்டு.

கேஸ் மிச்சம் பிடிக்க ஒரு வழி: கூடாரம் போட்டதுமே உலர்ந்த குழம்பைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துவிடுவது. ஓடைத் தண்ணீர் என்றால் முதலில் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். படுக்கை விரித்து, நனைந்த சாக்ஸைக் காயப்போட்டு முடிப்பதற்குள் பாதி ஊறியிருக்கும். பிறகு ஒரு கொதி, மூடி, பாத்திரத்தைத் துணியில் சுற்றி பத்து நிமிடம். குளிர் அதிகமென்றால் கேஸ் டப்பாவை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்வேன். டப்பாவில் வெறும் பியூட்டேன் என்ற வாயு மட்டும் இருந்தால், அது பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும், காலையில் அடுப்பு முனகும். மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் மட்டும் அடுப்பு பற்றவைக்காதீர்கள். தீயைவிட, வாடையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுதான் எனக்குப் பயம்.

போன வருடம் அதே நண்பனோடு அதே உயரத்துக்குப் போனேன். பையிலிருந்து நான் எடுத்த பொட்டலத்தைப் பார்த்து, "கடலையா?" என்றான், குரலில் பழைய பகை. இருபது நிமிடத்தில் தட்டை நீட்டினேன். முழுவதும் வழித்துத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றான்.