பழைய ஆம்னிக்கு நானே ஆயில் ஃபில்டர் மாற்றினேன்

சத்தியமங்கலத்தில் பூ மூட்டை ஏற்றிப் போகும் எங்கள் மாருதி ஆம்னி 2006 மாடல். ஆயில் மாற்றுவதை இதுவரை பட்டறையில்தான் விட்டுவந்தோம். இந்த முறை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "ஃபில்டரோட டிரெயின் போல்ட் வாஷரும் வாங்கிக்கங்க தம்பி, பழசைப் போட்டா கசியும்" என்றார். சரியான பேச்சு. டிரெயின் போல்ட் என்பது பழைய ஆயிலை வடிக்க எஞ்சினின் அடியில் கழற்றும் போல்ட்.

ஆம்னியின் 796 சிசி எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆனால் ஃபில்டருக்கும் டிரெயின் போல்ட்டுக்கும் வண்டிக்கு அடியில்தான் புக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டையும் வைத்த பிறகுதான் உள்ளே போனேன். எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி அணைத்திருந்ததால் ஆயில் இளஞ்சூட்டில் தடையில்லாமல் வடிந்தது.

சிக்கல் ஃபில்டரில்தான். முன்பு மாட்டியவர் ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்க வேண்டும். வெறுங்கைக்கு அசையவில்லை. துணியால் நன்றாகத் துடைத்து, உப்புத்தாளின் சொரசொரப்பு ஃபில்டர் பக்கம் இருக்கும்படி சுற்றிப் பிடித்தும் பயனில்லை. திருப்புளியைக் குத்தித் திருப்பச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தகரம் மெல்லிசு, கிழிந்துவிட்டால் பிறகு பிடிக்கவே இடம் இருக்காது. பட்டறை அண்ணனிடம் செயின் ஸ்பேனர் (செயினைச் சுற்றி இறுக்கித் திருப்பும் கருவி) வாங்கிவந்து, ஃபில்டரின் நடுவில் போடாமல் எஞ்சினை ஒட்டிய விளிம்பருகே போட்டேன். அங்கேதான் தகரம் நசுங்காமல் தாங்கும். ஒரு கிரீச் சத்தம், அப்புறம் கையாலேயே கழன்றுவந்தது.

கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது, பழைய ஃபில்டரோடு ரப்பர் வளையமும் வந்திருக்கிறதா என்பது. எனக்கு வரவில்லை. எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அழுக்கோடு அழுக்காகக் கறுத்துப்போய்க் கிடந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தால் தடவியபோதுதான் விளிம்பு தட்டுப்பட்டது. அதன் மேலேயே புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். ஆயில் அழுத்தத்தில் ஒன்று பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டிவிடும். அப்படியே ஓட்டினால் எஞ்சின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வளையத்தை உரித்தெடுத்து, அது உட்காரும் இடத்தைப் பளிச்சென்று துடைத்தேன்.

மற்றதெல்லாம் சுலபம். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் எஞ்சினைத் தொட்ட பிறகு இன்னும் முக்கால் சுற்று. அதற்கு ஸ்பேனர் வேண்டாம். டிரெயின் போல்ட்டைப் புது வாஷரோடு முறுக்கி, வண்டியை இறக்கிச் சமமாக நிறுத்திய பிறகு, டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் அளக்கும் குச்சி) பார்த்துப் பார்த்துத்தான் ஆயில் ஊற்றினேன். கேனில் இருக்கிறதே என்று முழுவதையும் கவிழ்க்கக் கூடாது. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில வினாடி எரிந்து அணைந்தது. காலி ஃபில்டர் நிரம்ப அவ்வளவு நேரமாகும், அதுவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இருந்தேன். அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தபோது மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்ததால் இன்னும் சிறிது ஊற்றினேன்.

ராத்திரி அடியில் போட்டுவைத்த அட்டையில் காலையில் ஒரு சொட்டுகூட இல்லை. வேலிக் கம்பங்களில் கரையானுக்குப் பூச வேண்டும் என்று பக்கத்துத் தோட்டத்து மாமா பழைய ஆயிலைக் கேட்டார். மண்ணில் இறங்கிக் கிணற்றில் கலக்கும் என்று சொல்லி, அதைப் பட்டறை டிரம்முக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.