மூன்று மில்லிமீற்றர் கூன்வண்டை விவரித்து எழுதிய 14 மாதங்கள்

காட்டுத் தரையின் இலைச்சருகைச் சலித்து எடுத்த ஏழு கூன்வண்டுகள் கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்த நாளில், அவற்றின் உடலமைப்பை எழுதி முடிக்க 14 மாதங்கள் செல்லும் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றே கூடுதலான நீளமுடையது. உரிய திணைக்களங்களின் அனுமதியுடன் சப்ரகமுவ மாகாணத்தின் ஈரவலயக் காடொன்றில் அவை சேகரிக்கப்பட்டன. கூன்வண்டு என்றதும் நம்மவர்களுக்குத் தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டும் வற்றாளைக் கிழங்கைக் கெடுக்கும் வண்டும் அரிசியில் ஊரும் வண்டுமே நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பெருங்குடும்பத்தில் 60,000 இற்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. அத்தனைக்கும் நடுவில் ஒரு வண்டைப் புதிய இனமாகத் தனியே நிறுத்துவதென்றால், அதை ஒருபோதும் கண்டிராத ஒருவர் எங்கள் சொற்களையும் படங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு அதை அடையாளம் காணவேண்டும்.

ஏழே ஏழு மாதிரிகள் இருந்தபடியால் அவற்றில் கைபழக முடியாது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா அரிசி புடைக்கும்போது சுளகில் ஒதுங்கிய வண்டுகளைச் சிறு போத்தலொன்றில் 70 வீத எதனோலில் சேர்த்துக்கொண்டு போய், முதல் இரண்டு மாதங்களும் அவற்றிலேயே பழகினேன். வசதிக்காகச் செய்த அந்தத் தெரிவு எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. அரிசி வண்டுக்கு 1763 இல் லின்னேயஸ் பெயரிட்டார். அதற்கு மிக நெருங்கிய உறவான சோள வண்டு, நிறத்திலும் முதுகை மூடும் கடினமான மேலுறையில் தெரியும் நான்கு செம்புள்ளிகளிலும் அளவிலும் அதனோடு குழம்பும். இரண்டையும் உறுதியாகப் பிரிப்பது ஆணின் புணர்ச்சி உறுப்பே: அரிசி வண்டில் அதன் மேற்பரப்பு சீராகக் குவிந்திருக்கும், சோள வண்டில் இரண்டு நீள்பள்ளங்கள் ஓடும். வெளியே ஒன்றாகத் தெரிபவை உள்ளே இரண்டாக இருக்கலாம் என்பதைச் சுளகிலிருந்து வந்த வண்டில் கண்ட பிறகுதான், காட்டு வண்டுகளைத் தொடும் துணிவு எனக்கு வந்தது.

புற அமைப்பைத் தலையிலிருந்து தொடங்கினேன். கூன்வண்டின் மூக்கு என்று நாம் சொல்வது மூச்சு விடும் உறுப்பன்று. தலையின் முன்பகுதியே நீண்டு குழாய்போல் வளைந்து, அதன் நுனியில் சிறிய தாடைகளைத் தாங்கி நிற்கிறது. உணர்கொம்புகள் அந்த மூக்கின் இரு பக்கங்களிலிருந்து முளைத்து, முழங்கைபோல மடங்குகின்றன: முதலில் நீண்ட ஒற்றைத் துண்டம், பின்னர் மணிகளைக் கோத்ததுபோன்ற சிறு துண்டங்கள், முடிவில் மூன்று துண்டங்கள் இறுகிச் சேர்ந்து கதாயுதம்போலத் தடித்த முனை. முதல் துண்டம் ஒடுங்கிக் கொள்வதற்கென்றே மூக்கின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. (வற்றாளை வண்டின் உணர்கொம்பு இவ்வாறு மடங்குவதில்லை, அது நேராக நீளும். அதை வேறொரு குடும்பத்தில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.) நடுவிலுள்ள சிறு துண்டங்களின் எண்ணிக்கையும் அவற்றின் நீள அகல விகிதமும் முக்கியமானவை என்பதால், ஏழு மாதிரிகளிலும் இரு பக்கமும் எண்ணினேன். எல்லாவற்றிலும் ஏழு.

எங்கள் வண்டு, ஆபத்து நேர்ந்தால் மூக்கை மடக்கி மார்புக்குக் கீழேயுள்ள கால்வாய் ஒன்றில் செருகிக்கொண்டு செத்ததுபோலக் கிடக்கும் குழுவைச் சேர்ந்தது. அந்தக் கால்வாய் எங்கே முடிகிறது, அதன் விளிம்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை எழுதாமல் இக்குழுவில் எவ்விவரணையும் முழுமையடையாது. ஆனால் எங்கள் மாதிரிகள் எல்லாம் மூக்கைச் செருகிய நிலையிலேயே இறந்து விறைத்திருந்தன. வெந்நீரில் ஊறவிட்டு, மிக மெல்லிய ஊசி முனையால் மூக்கை மயிரிழை அளவாக வெளியே எடுக்கும் வேலைக்கு மாதிரி ஒன்றுக்கு அரை நாள் சென்றது. மொத்த நீளத்தை அளக்கும்போது மூக்கைச் சேர்ப்பதில்லை. அது வளைந்தும் மடங்கியும் இருப்பதால் கண்ணின் முன்விளிம்பிலிருந்து மேலுறையின் நுனிவரை அளப்பதே வழக்கம்.

மேலுறையில் பத்துக் கோடுகளாக ஓடும் குழிகளையும், பாதத்தின் துண்டங்களையும் எண்ணுவது ஒப்பீட்டளவில் எளிது. பாதத்தில் ஐந்து துண்டங்கள் இருந்தாலும் நான்காவது மிகச் சிறியது, மூன்றாவதன் இரு மடல்களுக்கிடையே மறைந்திருப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். கால் உடலோடு சேரும் இடுப்பு மூட்டை நான் வேண்டிய அளவுக்கு மேலாகவே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூன்வண்டின் கால், உடலோடு திருகாணியும் மரையும்போலப் பொருந்தியிருக்கிறது என்பதை 2011 இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் நியூகினியின் கூன்வண்டொன்றில் காட்டினார்கள். இடுக்கியால் காலை மெதுவாக அசைக்கும்போது, இந்தச் சிறிய உடலுக்குள்ளும் அப்படியொரு மரை இருக்கும் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்தி வைத்தது.

மேலுறையை உயர்த்திப் பார்த்தபோது பறக்கும் செட்டைகள் இருக்கவில்லை. அவற்றின் இடத்தில் குட்டையான எச்சங்களே இருந்தன. தோள்பகுதி சரிந்து உருண்டிருந்ததற்கும் விளக்கம் அதுவே.

என் முதல் வரைவில், "முன்மார்பின் நடுவில் செதிலற்ற, பளபளப்பான நீள்வரி" என்பதை இந்த இனத்தின் முதன்மை அடையாளமாக எழுதியிருந்தேன். அதில் எனக்குப் பெருமிதமும் இருந்தது. எனக்கு வழிகாட்டிய மிஸ் வரைவை வாசித்துவிட்டு, ஏழு மாதிரிகளையும் அருகருகே வைக்கச் சொன்னார். வரி நான்கில் அகலமாகவும், இரண்டில் மெல்லியதாகவும் இருந்தது. ஒன்றில் இல்லவே இல்லை. "இது இனத்தின்ர அடையாளமோ, இல்லாட்டி இந்த ஒரு வண்டுக்கு நடந்ததோ எண்டு முதல்ல யோசியும்," என்றார். கூன்வண்டின் செதில்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு குழியிலிருந்து எழுபவை. உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பார்த்தபோது, செதில் இல்லாத வரியிலும் அதே குழிகள் வெறுமையாக இருந்தன. சருகுக்குள் ஊர்ந்து, கல்லில் உராய்ந்து, வாழ்நாளில் தேய்ந்துபோன செதில்களின் இடத்தை நான் புதிய இனத்தின் அடையாளமாக எழுதியிருந்தேன். அன்றிரவு அந்த வரைவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அதே கேள்வியைப் பென்சிலால் எழுதினேன். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வாக்கியங்களை வெட்டவேண்டியதாயிற்று.

அவ்வாறு வெட்டாமல் விட்ட ஒன்று, மூக்கின் நீளம். ஏழில் மூன்று வண்டுகளின் மூக்கு நீண்டு மெலிந்து, உணர்கொம்பு அடிப்பக்கமாக முளைத்திருந்தது. மற்ற நான்கின் மூக்கு குட்டையானது. இரண்டு இனங்களோ என்ற ஐயத்தில் அவற்றை இரண்டு பெட்டிகளில் வைத்திருந்தேன். பல கூன்வண்டுகளில் பெண், மூக்கால் துளையிட்டு அதில் முட்டையிடும் என்பதால் பெண்ணின் மூக்கு நீண்டிருக்கும் என்பதை நான் அறிந்திருந்தேன். ஆனால் அறிந்திருப்பது சான்றாகாது. வயிற்றைத் திறந்தே பார்க்கவேண்டியிருந்தது.

வெந்நீரில் மென்மையாக்கிய உடலிலிருந்து வயிற்றை மட்டும் கழற்றி, 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டால், தசையும் கொழுப்பும் கரைந்து கடினமான பகுதிகள் மட்டும் எஞ்சும். ஆணில் எஞ்சுவது வளைந்த ஒரு குழாயும், அதைச் சுற்றிய வளையமும், குழாயின் உள்ளே மடிந்திருக்கும் பையில் தெரியும் சிறு கடினத் தகடுகளும். பெண்ணில் விந்தைச் சேமித்து வைக்கும் பை, கொக்கிபோல வளைந்து, அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகக் கிடக்கும். முதல் பெண் மாதிரியைக் கரைசலில் வைத்துச் சூடாக்கும்போது, அவசரத்தில் நேரத்தைக் கூட்டிவிட்டேன். கண்ணாடித் தட்டில் பார்த்தபோது அந்தக் கொக்கியே தெரியவில்லை. நிறம் முழுவதும் போய் நீரோடு நீராகியிருந்தது. மூன்றே பெண்களில் ஒன்றை இழந்துவிட்டேன் என்று கை நடுங்கியது. குளோரசோல் கறுப்பு என்ற சாயத்தின் ஒரு துளியை மிஸ் விட்டார். சில நிமிடங்களில், புகையிலிருந்து உருவம் திரள்வதுபோல, நீலக்கறுப்பாக அந்த வளைவு எழுந்து வந்தது. அதைப் படமெடுப்பதற்கு முன் பென்சிலால் வரைந்தேன். வெளியிடப்போகும் கட்டுரையிலும் அந்த வரைபடத்தையே சேர்த்திருக்கிறோம்.

நீண்ட மூக்குடைய மூன்றும் பெண்கள்; குட்டை மூக்குடைய நான்கும் ஆண்கள். நான்கு ஆண்களிலும் உட்பைத் தகடுகள் ஒரே வடிவில் இருந்தன. இரண்டு பெட்டிகளும் ஒன்றாயின.

பழைய விவரணைகளுடன் ஒப்பிடும் கட்டமே எல்லாவற்றிலும் நீண்டது. கை மார்ஷல் 1916 இல் இந்தியாவுடன் இலங்கையையும் பர்மாவையும் சேர்த்துக் கூன்வண்டுகளைப் பற்றி எழுதிய பெருந்தொகுதி பெரும்பாலும் குட்டையான அகன்ற மூக்குடைய குழுக்களைப் பற்றியது. எங்கள் குழுவுக்கு அது கைகொடுக்கவில்லை. 1850களின் இறுதியில் இலங்கைப் பூச்சிகளைப் பற்றிப் பிரான்சிஸ் வாக்கர் எழுதியவை சில வரி இலத்தீனே. "கறுப்பு, நரைச்செதில்" என்ற அளவில் நிற்கும் வரிகள் பத்து இனங்களுக்கும் பொருந்தும். ஆதலால் அக்காலத்து மூல மாதிரிகளின் படங்களைப் பெற்று, ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே எங்களுடையது புதியது என்று எழுதினோம். அந்தச் சுருக்கத்தின் சுமையை அனுபவித்ததால், என் விவரணையில் மூக்குக் கால்வாய்க்கு மட்டும் ஆறு வாக்கியங்களை ஒதுக்கினேன்.

பெயரை இங்கே எழுதவில்லை. விலங்குகளுக்குப் பெயரிடும் அனைத்துலக விதிக்கோவைக்கு அமைந்த வெளியீட்டில் விவரணையோடு சேர்ந்து வந்தால்தான் பெயர் செல்லும். அதற்கு முன் அங்குமிங்கும் உலவவிடுவது குழப்பத்துக்கே வழி. 1999 இற்குப் பின் வெளியாகும் புதிய இனமொன்றுக்கு அதன் பெயரைத் தாங்கும் மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பதும், அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று சொல்வதும் கட்டாயம். அந்த மாதிரியாக, ஆறு கால்களும் குறையாத ஆண் வண்டொன்றைத் தெரிந்தெடுத்தோம். அதன் முன்மார்பில்தான் செதில்கள் தேயாமல் முழுமையாக இருக்கின்றன. கிளிசரீன் நிரப்பிய சிறு குப்பியில் அதன் உறுப்பை இட்டு அதே ஊசியில் குத்தி, கீழே இடமும் திகதியும் எழுதிய வெள்ளைத் துண்டையும், அதற்குக் கீழே, பெயரைத் தாங்கும் மாதிரி இது என்பதைக் காட்டும் சிவப்புத் துண்டையும் இறக்கினேன். கொழும்பின் ஈரப்பதனில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில் அது இப்போது இருக்கிறது. கட்டுரை வெளியானதும் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் பூச்சிச் சேகரிப்பில் அதை ஒப்படைப்போம்.