ரிச்சி தெரு வைஃபை அடாப்டர், பை 4, ஒரு எல்பி64 எரர்

ஒருவழியாக டபிள்யுலான்1, அதாவது புது யுஎஸ்பி வைஃபை, எழுந்துவிட்டது. பிங் போகிறது, மாடியில் உட்கார்ந்திருக்கும் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி கீழே இருக்கும் ரவுட்டரோடு ஒழுங்காகப் பேசுகிறது, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானங்கள் பிரவுசர் வரைபடத்தில் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. விமானங்கள் அனுப்பும் சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனா, எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பி ரேடியோ ரிசீவர்), அதைப் படித்துக் காட்டும் டம்ப்1090 புரோகிராம் எல்லாம் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதைத் தொடப்போவதில்லை. இது ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டருக்கு டிரைவர் ஏற்றிய கதை, அதிலும் பாதிக்கு மேல் ஒரே ஒரு கம்பைலர் எரரைப் பற்றிய புலம்பல்.

லான் கேபிள் இழுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். டக்ட் வழியாக ஒரே ஒரு ஒயர் என்றதும் அசோசியேஷன் செகரட்டரி, "கேபிள் டிவிக்காரன் தொங்கவிட்ட ஒயரையே எடுக்க வைக்க முடியல, நீங்க வேற ஏன் சார்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ராஸ்பெரி பையின் சொந்த வைஃபை மேலே எடுபடவில்லை. வெயிலுக்காக அதை அலுமினியப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், சுற்றிலும் படிக்கட்டு அறையின் கான்கிரீட், இடையில் இரண்டு தளம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவோடு ஒரு யுஎஸ்பி அடாப்டர் வாங்குவதுதான் வழி.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மெயின் தெருவில் இருக்கும் பெரிய கடைகளை விட்டுவிட்டு உள்சந்தில் ஒரு சின்னக் கடை. சிப் என்ன, லினக்ஸில் ஓடுமா என்று கேட்டேன். "எல்லாத்துலயும் ஓடும் சார். சிடிகூட வேணாம், டிரைவர் உள்ளேயே இருக்கு." அட்டையில் ஏசி600 என்று பெரிதாக இருக்கிறது, சிப் பெயர் எங்குமே இல்லை. இந்த வகை அடாப்டர் விற்கிறவர்கள் பெரும்பாலும் சிப் பெயரைப் போடுவதில்லை. ஒரே மாடல் நம்பரில் அடுத்த வெர்ஷன் வரும்போது உள்ளே வேறு சிப் இருக்கலாம், வெளி பிளாஸ்டிக் மட்டும் அப்படியே இருக்கும். விண்டோஸ்காரர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. நமக்குத்தான் தலைவலி.

பையைக் கீழே கொண்டுவந்து ரவுட்டரோடு கேபிளில் மாட்டிவிட்டு அடாப்டரைச் செருகினேன். யுஎஸ்பியில் மாட்டியிருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை கொடுத்தால் 0பிடிஏ என்று தொடங்கும் வரிகள் இரண்டு. 0பிடிஏ ரியல்டெக் என்ற சிப் நிறுவனத்தின் அடையாள எண். முதல் வரி 0பிடிஏ:2838, அது ஏற்கெனவே இருக்கும் எஸ்டிஆர் டாங்கிள், அதற்குள்ளும் ரியல்டெக் சிப்தான். இரண்டாவது 0பிடிஏ:1ஏ2பி. கூடவே எஸ்ஆர்0 என்று ஒரு சிடி டிரைவ் முளைத்திருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, டிரைவர் உண்மையிலேயே உள்ளேதான் இருக்கிறது! விண்டோஸ் டிரைவர் வைத்த ஒரு குட்டி சேமிப்பகமாகத்தான் அடாப்டர் முதலில் தன்னைக் காட்டிக்கொள்ளும். அந்த சிடியை இஜெக்ட் செய்தால்தான் வைஃபை முகத்தைக் காட்டும்.

யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, பெரிய கே ஆப்ஷனோடு 0பிடிஏ, 1ஏ2பி இரண்டையும் கொடுத்தால் போதும். ஒரு நொடியில் வரி 0பிடிஏ:சி811 என்று மாறியது. அது ஆர்டிஎல்8811சியு சிப். இனிமேல்தான் டிரைவர் வேலை. 8821சியு, 8811சியு இரண்டுக்கும் ஒரே சோர்ஸ், கிட்ஹப்பில் கிடைக்கிறது. கிட் குளோன், இன்ஸ்டால் ஸ்கிரிப்ட், டிகேஎம்எஸ் (கர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி பில்ட் செய்யும் கருவி), வழக்கமான வேலை.

இங்கேதான் சிக்கியது.

டிகேஎம்எஸ் பில்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, 6.1.21-வி8+ கர்னலுக்கான மாட்யூல் பில்ட் ஆகவில்லை, மேக்.லாக் பாருங்கள் என்று சொல்லி நின்றுவிட்டது. இந்த எரரைத் தேடினால் வரும் பதில்களில் பத்துக்கு ஒன்பது, பில்டுக்குத் தேவையான கர்னல் ஹெடர்ஸ் கோப்புகள் இல்லை, ஹெடர்ஸ் போடு என்கின்றன. ஹெடர்ஸ் இருக்கிறது. லிப் மாட்யூல்ஸ் டைரக்டரிக்குள் அந்தக் கர்னல் பெயரில் பில்ட் என்ற லிங்க் இருக்கிறது, சரியான இடத்துக்கும் போகிறது. இன்னும் சில வீடியோக்கள் ஆர்பிஐ-அப்டேட் ஓட்டச் சொல்கின்றன. தயவுசெய்து வேண்டாம். அது சோதனையில் இருக்கும் கர்னலைக் கொண்டுவந்து போடும், அதற்கு ஏற்ற ஹெடர்ஸ் ஆப்ட்டில் இருக்காது, அப்புறம் நிஜமாகவே ஹெடர்ஸ் இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

மேக்.லாக் நீளமான கோப்பு. கடைசி வரிகள் வெறும் 'எரர் 1', 'எரர் 2' என்றுதான் இருக்கும், விஷயம் மேலே இருக்கிறது. மேலே போய்ப் பார்த்தால், எம்ஏபிஐ=எல்பி64 என்பது எனக்குத் தெரியாத ஆப்ஷன் என்று ஜிசிசி கம்பைலர் சொல்லியிருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் தனக்குத் தெரிந்தவற்றைப் பட்டியல் போட்டிருக்கிறது: ஏஏபிசிஎஸ், ஏஏபிசிஎஸ்-லினக்ஸ், ஏபிசிஎஸ்-ஜிஎன்யு இத்யாதி. இந்த இரண்டு வரியில்தான் முழு விவகாரமும் இருக்கிறது. எல்பி64 என்றால் லாங், பாயின்டர் இரண்டும் 64 பிட். பட்டியலில் இருப்பதெல்லாம் 32 பிட் ஏஆர்எம் கம்பைலருக்கு உரியவை. அதாவது 32 பிட் கம்பைலரிடம் 64 பிட் வேலையைக் கொடுத்திருக்கிறது, பில்டுக்கான கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைல்.

ஏன்? கர்னலின் வகையைச் சொல்லும் யூநேம் எம் கொடுத்தால் ஏஆர்ச்64, அதாவது 64 பிட், என்கிறது. மேலே ஓடும் புரோகிராம்களின் வகையைச் சொல்லும் கெட்கான்ஃப் லாங்-பிட் கொடுத்தால் 32 என்கிறது. ஒரே மெஷின், இரண்டு பதில், இரண்டும் சரி. என் கார்டில் இருப்பது ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் புல்ஸ்ஐ வெர்ஷன். 2023-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, கார்டில் இருக்கும் ஓஎஸ் 32 பிட்டாக இருந்தாலும் பை 4-இன் ஃபர்ம்வேர் தானாகவே 64 பிட் கர்னலை எடுத்து பூட் செய்கிறது. மாடியில் 64 பிட் வீட்டுக்காரர், கீழ்ப் போர்ஷனில் 32 பிட் குடித்தனம். அன்றாடம் இது யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் 64 பிட் கர்னல் 32 பிட் புரோகிராம்களை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓட்டும். டம்ப்1090 எனக்கு ஒரு தடவைகூடத் தகராறு செய்ததில்லை. ஆனால் மாட்யூல் என்பது கர்னலுக்குள்ளேயே போய் உட்காருவது, அது கர்னல் எந்த வகையோ அந்த வகையாகவே இருக்க வேண்டும். டிரைவரின் மேக்ஃபைல் யூநேமைப் பார்த்து 64 என்று முடிவெடுக்கிறது, கையில் இருக்கும் ஜிசிசி 32 பிட்டுக்கானது. ஹெடர்ஸை நூறு தடவை போட்டாலும் இது தீராது.

கர்னல் பெயரின் வாலைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். பை 4-இல் வி8+ என்று முடிந்தால் 64 பிட், வி7எல்+ என்று முடிந்தால் 32 பிட். இந்த விஷயத்தை மட்டும் யாராவது எரர் மெசேஜிலேயே சேர்த்திருந்தால் எவ்வளவு பேரின் ஞாயிற்றுக்கிழமை பிழைத்திருக்கும்!

இதற்கு மூன்று வழி. கார்டில் முழு 64 பிட் ஓஎஸ்ஸைப் புதிதாகப் பதிவது, அதுதான் சுத்தமானது. இல்லையென்றால் 64 பிட்டுக்கான கிராஸ் கம்பைலரைப் போட்டு மேக்ஃபைலுக்கு அதைக் காட்டுவது. செய்யலாம், ஆனால் டிகேஎம்எஸ்ஸுக்குள்ளும் அதைப் பழக்க வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பயந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது, பூட் பகுதியில் இருக்கும் கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் ஏஆர்எம்_64பிட்=0 என்று ஒரு வரி. இந்தக் கார்டில் இருக்கும் கிராஃபையும் பழைய பதிவுகளையும் இப்போதைக்குக் கலைக்க மனமில்லை, மூன்றாவதைத்தான் செய்தேன். வரியை ஆல் என்ற பகுதிக்குக் கீழே எழுதுங்கள். வேறு மாடலுக்கான பகுதிக்குள் விழுந்துவிட்டால் ஃபர்ம்வேர் அதைக் கண்டுகொள்ளாது. புல்ஸ்ஐக்கு அடுத்த வெர்ஷனான புக்வார்ம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோப்பு பூட்டுக்குள் ஃபர்ம்வேர் என்ற டைரக்டரியில் இருக்கும்.

ரீபூட். யூநேம் இப்போது வி7எல்+. பாதியில் நின்ற பழைய டிகேஎம்எஸ் பதிவை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டினேன். டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் பில்ட் முடிந்திருந்தது, டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் 'இன்ஸ்டால்ட்' என்று வந்தது, டபிள்யுலான்1 வந்தது.

மிச்சமெல்லாம் சில்லறை வேலை. ராஸ்பி-கான்ஃபிக்கில் வைஃபை நாட்டை இந்தியா என்று கொடுக்காவிட்டால் ஆர்எஃப்கில் வைஃபையைப் பூட்டியே வைத்திருக்கும். உள் வைஃபையை டிசேபிள்-வைஃபை ஓவர்லே போட்டு அணைத்துவிட்டேன். மோட்ப்ரோப் டைரக்டரியில் இந்த டிரைவருக்கான கான்ஃப் கோப்பில் ஆர்டிடபிள்யு_பவர்_எம்ஜிஎன்டி ஆப்ஷனை 0 ஆக்கினேன், பவர் சேவிங் இருந்தால், கீழிருந்து பை 4-க்குள் நுழைந்து டைப் செய்யும் எஸ்எஸ்ஹெச்சில் ஒவ்வொரு எழுத்தும் யோசித்து யோசித்து வருகிறது. அதே கோப்பில் எல்இடி ஆப்ஷனும் இருக்கிறது. அடாப்டரின் நீல விளக்கு ராத்திரி முழுக்க ஆட்டோ சீரியல் செட் மாதிரி மின்னிக்கொண்டிருந்ததால் அதையும் அணைத்தாயிற்று.

போர்ட் விஷயம் சில்லறை இல்லை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பை 4-இன் நீல யுஎஸ்பி 3 போர்ட்டுகளில் எதையாவது வேகமாக ஓட்டினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் ஏறும். யுஎஸ்பி 3-இன் இந்தக் குணத்தைப் பற்றி இன்டெல்லே 2012-இல் ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. இந்த அடாப்டர் யுஎஸ்பி 2தான், கறுப்பு போர்ட்டில் போட்டால் நஷ்டமில்லை. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வைத்துப் பெட்டிக்கு வெளியே தள்ளி வைத்ததும் சிக்னல் கண்கூடாக ஏறியது, எஸ்டிஆர் பக்கமும் கொஞ்சம் அமைதி வந்தது. அந்தக் கேபிளைத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள். ரிச்சி தெருவில் நடைபாதையில் கிடைக்கும் மெல்லிய கேபிளில் வோல்டேஜ் இறங்கி அடாப்டர் திரும்பத் திரும்ப டிஸ்கனெக்ட் ஆகும், கர்னல் லாக்கான டிமெஸ்ஜியில் அதைப் பார்த்துவிட்டு டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்போம். கடையில் கேட்டால் தடிமனான கேபிள் உள்ளே இருந்து எடுத்துத் தருவார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரிதான். அப்படியே ஆன்டெனாவுக்கான எஸ்எம்ஏ கனெக்டர்களும் அந்தத் தெருவில் நல்லதாகக் கிடைக்கின்றன, வாங்குவதற்கு முன் ஆண், பெண், ரிவர்ஸ் மூன்றையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், கவரில் போட்டுக் கொடுத்துவிட்டால் மாற்றித் தர முகம் சுளிப்பார்கள்.

இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் அடாப்டர் மறுபடி சிடி வேஷத்துக்கே போய்விடும். அதற்கு ஒரு யூடெவ் ரூல் எழுதியிருக்கிறேன், 1ஏ2பி தெரிந்தவுடன் மோட்ஸ்விட்சைக் கூப்பிடும். சாதாரண ரீபூட்டில் கச்சிதமாக வேலை செய்கிறது. ஆனால் கரண்ட் வந்து அடியிலிருந்து பூட் ஆகும்போது சில நேரம் அந்த ரூல் முந்திக்கொண்டு ஓடி ஒன்றும் ஆகாமல் நிற்கிறது. இப்போதைக்கு பூட் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து எல்எஸ்யுஎஸ்பியில் 1ஏ2பி இருந்தால் மட்டும் மறுபடி இஜெக்ட் செய்யும் ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் வைத்து ஒப்பேற்றுகிறேன். அழகான தீர்வு இல்லைதான். கத்திரி வெயிலில் ஒரு மின்வெட்டு நாள் வரட்டும், அப்போது தெரியும்.

அடுத்து இன்னொரு கார்டில் 64 பிட் புக்வார்ம் எழுதிப் பார்க்கப் போகிறேன். கர்னல் 6.2 முதல், கர்னலோடு வரும் ஆர்டிடபிள்யு88 டிரைவரே 8821சியு வகை யுஎஸ்பி அடாப்டர்களைப் பார்த்துக்கொள்கிறது, ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜ் இருந்தால் போதும், வெளியிலிருந்து சோர்ஸ் கொண்டுவந்து பில்ட் செய்ய வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும், ஒன்றை பிளாக்லிஸ்ட் செய்தாக வேண்டும். அதைவிட, முதலிலேயே மீடியாடெக் எம்டி7612யு சிப் உள்ள அடாப்டர் வாங்கிவிட்டால் 4.19 கர்னலிலிருந்தே டிரைவர் உள்ளே இருக்கிறது. அந்தச் சிப் என்று உறுதியாகச் சொல்லி விற்கிற கடை ரிச்சி தெருவில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. யாருக்காவது தெரிந்தால் எந்தச் சந்து, எந்தக் கடை என்று சொல்லுங்கள், அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கம்தான் போகிறேன்.