துணி இட்லி: சித்திரை நாட்குறிப்பு

ஏப்ரல் 11

இட்லிக் கடை ஆயா இந்த மாசக் கடைசியில் பொன்னேரிக்குப் போகிறதாம். பேத்திக்குப் பிரசவம். “மூணு மாசம் ஆவும் நைனா, மேலயும் ஆவும்” என்று இட்லிக் குண்டானைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டது. எனக்குக் காது அடைத்துப்போனது. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைத் திருப்பிப் போட்டு, அடியில் பதிந்திருக்கும் துணிக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடித்தால்தான் வாய்க்குப் போகும்.

ஏப்ரல் 12

பாப்பாவுக்கு ஆறு வயது, ஆட்டிசம். அவள் சாப்பிடுவது: ஆயா கடை இட்லி. சூடான வெள்ளைச் சாதம். பால். மஞ்சள் பாக்கெட் பிஸ்கட். ஒரே கம்பெனி அரிசி அப்பளம். அவ்வளவுதான். போன வருஷம்வரை தயிரும் இருந்தது. ஒரு நாள் கட்டி தட்டியது, அன்றோடு தயிர் போனது. வாழைப்பழம் அதற்கும் முன்னால். போன எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. அம்மா வீட்டில் வடை வாசனை தெருமுனை வரைக்கும். பாப்பா காதைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூக்குக்குப் பிடிக்காததற்கும் காதைத்தான் பொத்துவாள்.

பெரியப்பா மாங்காய்ப் பச்சடியை வழித்துக்கொண்டே, “ரெண்டு நாள் பட்டினி போடுடா, தானா சாப்பிடும்” என்றார். போன டிசம்பர் மழையில் ஆயா கடை போடாமல், பாப்பா வெறும் பாலில் கிடந்து, கடைசியில் டிரிப்ஸ் ஏற்றியபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்தான் இவர். பசி வந்தால் வாய் திறக்கும் பிள்ளைகளை மட்டுமே வளர்த்தவர்களிடம் என்ன பேசுவது.

ஏப்ரல் 15

இன்றிலிருந்து தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் நின்றுகொண்டு இதற்குச் சந்தோஷப்பட்டால் அடிப்பார்கள். ஆனால் சந்தில் மீன் வறுக்கிற வாசனை குறைந்தால் ராத்திரிச் சாதத்துக்காவது உட்காருவாள்.

ஏப்ரல் 16

கருவாட்டை மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 19

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூர் ஆஸ்பத்திரி. ரயிலில் ஒரு சத்தம் இல்லை, அவளுக்கு அது பிடித்த இடம். ரிப்போர்ட் வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 9.4. ஆறு வயதுக்கு 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று டாக்டர் கேட்டார். ஒரு லிட்டர் என்று மனைவி பெருமையாகச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். வயிற்றையும் நிரப்பிவிடும், வேறு சாப்பாட்டிலிருந்து வருகிற கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. அரை லிட்டருக்குள் நிறுத்தச் சொல்லி, இரும்புச் சொட்டு மருந்து எழுதினார்.

அப்புறம் ஈறை அழுத்திப் பார்த்தார். அங்கேதான் எனக்குக் கலக்கம். ஸ்கர்வி என்பது மாசக்கணக்கில் கப்பலில் கிடந்தவர்களுக்கு வந்த நோய் என்று பள்ளியில் படித்தது. பழம், காய் தொடாமல் வெள்ளையாகவே சாப்பிடும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் வருகிறதாம், வைட்டமின் சி இல்லாமல். சிலருக்கு முதலில் ஈறில்கூடத் தெரியாது. கால் வலித்து நடக்க மாட்டேன் என்பார்கள். எலும்பு டாக்டரிடம் அலைந்து கடைசியில் கண்டுபிடிப்பார்கள். பாப்பாவுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. “இப்போதைக்கு” என்று ஏன் சொன்னார்?

ஏப்ரல் 20

தூங்கும்போது டார்ச் அடித்து ஈறு பார்த்தேன். சிவப்பு. அது சரியான சிவப்பா? கண்ணாடியில் என் ஈறையும் பார்த்தேன்.

ஏப்ரல் 22

சொட்டு மருந்தைப் பாலில் கலந்துவிடலாம் என்பது அம்மாவின் யோசனை. தெரபி மேடம் பதறிவிட்டார். “கலக்கவே கலக்காதீங்க சார். கண்டுபிடிச்சிட்டா பாலும் போயிடும்.” பாலோடு போனால் இரும்பு ஏறவும் ஏறாதாம். அவள் கண்ணெதிரே, ஊசி இல்லாத சிரிஞ்சில், கன்னத்து ஓரமாக விட்டு உடனே தண்ணீர்.

இட்லிக்கு அவர் சொன்ன வழி: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முதலில் ஆயா இட்லியே வீட்டுத் தட்டில். பிறகுதான் மாவு. பார்ப்பது, மோந்து பார்ப்பது, தொடுவது எல்லாம் முன்னேற்றமாம். “ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சக் கூடாது. என்ன, எப்போது, எங்கே என்பது எங்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது அவள் பொறுப்பு. சொல்வது சுலபம். 9.4 என்று ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தட்டுக்கு எதிரே சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும்.

சீட்டில் ஏ.ஆர்.எஃப்.ஐ.டி. என்று எழுதியிருக்கிறார், பல சாப்பாட்டை ஒதுக்கிச் சிலதை மட்டுமே சாப்பிடும் கோளாறு. 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநல டாக்டர்களின் கையேட்டில்தான் இந்தப் பெயர் சேர்ந்ததாம். அதற்கு முன்னால் பிறந்த பிள்ளைகளுக்கு எத்தனை அடி விழுந்திருக்கும்.

ஏப்ரல் 24

ஆயாவிடம் பாடம். ரேஷன் புழுங்கல் நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு. “வெந்தியம் போடாத. மஞ்சளிக்கும், வாசன வரும். உம் பொண்ணு மோப்பம் புடிச்சிடும்.” எங்கள் வீட்டில் வெந்தயம் இல்லாமல் மாவு அரைத்ததே கிடையாது. தட்டில் எண்ணெய் தடவக் கூடாது, ஓரம் பளபளக்கும். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து விரித்து ஊற்ற வேண்டும். வெந்ததும் கவிழ்த்து, துணிமேல் தண்ணீர் தெளித்து, ஒரு பக்கமாக உரிக்க வேண்டும். இந்த வெயிலில் சாயங்காலம் அரைத்தால் விடிவதற்குள் புளித்துவிடும். ஆயா ராத்திரி பத்து மணிக்குமேல்தான் அரைக்கும்.

காசு நீட்டினேன், வாங்கவில்லை. தன் இட்லித் துணியில் பாதியைக் கிழித்துக் கொடுத்தது.

ஏப்ரல் 25

ஆயா இட்லி, வீட்டுத் தட்டு. சாப்பிட்டாள்!

ஏப்ரல் 27

வீட்டு இட்லி. மோந்தாள். தட்டைத் தள்ளினாள்.

ஏப்ரல் 28

ஆயா கிளம்பிவிட்டது. கடை இருந்த இடத்தில் யாரோ பைக் நிறுத்தியிருக்கிறார்கள். பாப்பா பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஏப்ரல் 29

பால், பிஸ்கட், அழுகை. வேலை பார்க்கிற யார்டில் எவனோ லாரியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் நின்றான், அவன்மேல் கத்தித் தீர்த்தேன்.

மே 1

லீவு. தட்டில் ஒரு இட்லி, பேச்சு கிடையாது. திருப்பிப் போட்டாள். கோடுகளைத் தடவினாள். விரலில் ஒட்டியதைத் துடைக்கச் சொல்லிக் கையை நீட்டவில்லை. மேடம் இதையும் கணக்கில் சேர்ப்பார். எனக்குச் சேரவில்லை.

மே 4

அக்னி நட்சத்திரம். கிரைண்டர் பாதியில் நிற்க, கரண்ட் போய் ராத்திரி ஒரு மணிக்கு வந்தது. ஈறு பார்த்தேன்.

மே 6

நடுப்பகுதி மட்டும்! ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டு விளிம்பில் வரிசையாக அடுக்கிவிட்டு, நடுவில் இருந்ததை மென்று விழுங்கினாள். மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம். நான் செல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஸ்கிரீன் அணைந்திருந்தது.

ஆயாவுக்குப் போன் போட்டோம். “ஓரம் வெந்து காய்ஞ்சிருக்கும், தீயக் கொறை.”

மே 7

தொடவில்லை.

மே 8

தீயைக் குறைத்தோம். ஓரம் உட்பட ஒன்று. சொட்டு மருந்து துப்பாமல் போனது. பல் கறுக்கிறது, அது மருந்தால்தான், பயப்பட வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள்.

மே 9

அப்பளத்தின் வட்டம் சின்னதாகியிருக்கிறது. கடைக்காரர் இனிமேல் இந்த சைஸ்தான் வரும் என்கிறார். பழைய ஸ்டாக் எங்கேயாவது இருக்கும். நாளைக்கு ஷிப்ட் முடிந்ததும் கல்மண்டபம் மார்க்கெட்டில் கடை கடையாகக் கேட்க வேண்டும்.