மூச்சு எண்ணும் ஒரு நிமிடம்

நாடியையும் இரத்த அழுத்தத்தையும் இயந்திரம் சொல்லிவிடும். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டிவிடும். நோயாளி நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்பதை மட்டும், பொது வார்டில், செவிலியர்தான் கட்டிலருகே நின்று எண்ண வேண்டும். அதுவும் முழுதாக ஒரு நிமிடம். முப்பது கட்டில் உள்ள வார்டில் இரவு டியூட்டிக்கு இரண்டே பேர் என்றால், அந்த ஒரு நிமிடம் கூடிக்கூடி அரைமணி நேரமாகிவிடும். அதனால் நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் நோயாளியின் சார்ட்டில் மூச்சு எண்ணிக்கைக்கான கட்டம் 20, 20, 20 என்றே இறங்கிக்கொண்டு போகும். நிமோனியா நோயாளிக்கும் 20. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 20.

அப்படி எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பல நேரம் அந்த 20 உண்மையாகக்கூட இருந்துவிடும். ஆனால் நோய் முற்றப்போகிறது என்றால் முதலில் ஏறுகிற எண்களில் ஒன்று இதுதான். இரத்த அழுத்தம் சரிவதற்கு முன்பே 24, 26 என்று காட்டிக்கொடுத்துவிடும். எண்ணாமல் எழுதினால் அந்த அவகாசம் போய்விடுகிறது.

தேவனை மகிமைப்படுத்தும் வாழ்க்கை பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். சினிமா, நகை, உடை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, வேலை என்று வரும்போது 'அங்கேயும் சாட்சியாக இருங்கள்' என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மேசையில் வசனக் காலண்டர் வைப்பது சாட்சி என்று எங்கள் சபையில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். எனக்கோ, 'பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்ற கட்டளையைக் கேட்டால் நீதிமன்றத்தைவிட முதலில் சார்ட்தான் நினைவுக்கு வருகிறது. வாய்திறந்து பேச முடியாதவருக்காகப் பேசுவது அந்தத் தாள்தானே.

ஊசி நேரமும் இப்படித்தான். காலை 6 மணி ஊசியை 7.10க்குப் போட்டால் 7.10 என்றே எழுதுவேன். ஒரு மருத்துவமனையில் இதற்காக மேலதிகாரி கூப்பிட்டு, "எல்லோரும் ஆறு என்று எழுதும்போது உனக்கு மட்டும் என்ன? ஆடிட் வந்தால் யார் பதில் சொல்வது?" என்றார். "ஆறு மணிக்கு வலிப்பு வந்தவரோடு இருந்தேன், மேடம். அதையும் எழுதியிருக்கிறேன்" என்றேன். வேன்கோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தை இரத்தத்தில் அளவு பார்த்துத்தான் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஊசி போட்ட நேரம் பொய்யானால் அந்த அளவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும். அடி சிறுநீரகத்தில் விழும். இதையும் சொன்னேன். அந்த ஆண்டு ஊதிய உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை.

நேர்மை கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து என்றும் நான் நினைக்கவில்லை. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பின் அசைவைக் கவனிக்க வேண்டும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் எவ்வளவு அவசரத்திலும் அதை விடாமல் செய்தவர் என்னோடு பணியாற்றிய ஒரு முஸ்லிம் அக்கா. சபைக்குத் தவறாமல் வந்தவர்கள் சிலர் இருபதிலேயே நின்றுவிட்டார்கள்.

"இத்தனை நோயாளிகள் நடுவில் இருக்கிறாயே, எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னாய்?" என்று சபையில் கேட்பார்கள். சொல்வதில்லை. ஊசி என் கையில் இருக்கிறது. எழுந்து போக முடியாதவர் கட்டிலில் இருக்கிறார். அந்த நிலையில் பேசுவது நியாயமாக எனக்குப் படவில்லை. "ஜெபம் பண்ணுங்கள் சிஸ்டர்" என்று அவர்களே கேட்டால் செய்வேன்; அப்படிக் கேட்டவர்களில் இந்துக்களும் உண்டு. ஞாயிறு டியூட்டியைப் பற்றி எனக்குக் குழப்பமே கிடையாது. ஓய்வுநாளில் சுகமாக்கியதற்காகத்தான் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் இயேசுவோடு சண்டைக்கு வந்தார்கள்.

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியதை நம்மவர்கள் மேடைதோறும் பெருமையாகச் சொல்வார்கள். 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' என்ற மாற்கு 10:45தான் அந்த நிறுவனத்தின் குறிக்கோள். அதே மேடையில் மலச்சட்டி கழுவுவதைப் பற்றியோ சார்ட் எழுதுவதைப் பற்றியோ யாரும் பேசிக் கேட்டதில்லை. ஊழியம் அங்கேதான் நடந்தது.

புதிதாக வரும் பெண்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எண்ண நேரமில்லையா, கட்டத்தை வெறுமையாக விடுங்கள்; 20 போடாதீர்கள். இரண்டு பேரே முப்பது கட்டிலுக்குப் போதும் என்று நிர்வாகத்தை நம்ப வைப்பது நாம் போடும் அந்த இருபதுகள்தாம். இப்போதைய வார்டில் வெற்றுக் கட்டங்களைக் காட்டி இரவுக்கு மூன்றாவது ஆள் கேட்டோம். முதலில் விளக்கக் கடிதம் கேட்டார்கள். பிறகு டெங்குக் காலத்துக்கு மட்டும் ஒருவரைத் தந்து, காய்ச்சல் குறைந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.