சித்தப்பா பிக்கப்பின் ஹெட்லைட்: பல்ப் வாங்கப் போய் ஒயர் மாற்றிய கதை

கடலூர் முதுநகரில் சித்தப்பா மீன் ஏற்றி ஓட்டிய பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப் இப்போது மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. இன்ஜின் வேலை பொங்கலோடு முடிந்தது, மிச்சம் ஹெட்லைட்தான். இருட்டிய பிறகு ரெட்டிச்சாவடி பக்கம் போனால் முன்னால் போகிற சைக்கிள்காரர் பத்தடியில் வந்த பிறகுதான் தெரிகிறார்.

"நூறு வாட் போடுடா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் சித்தப்பா. நானும் கேட்டேன். பழைய டூமில், அதாவது முன்கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த விளக்குக் கூட்டில், இருந்தது அகலத் தட்டு வைத்த 45/40 வாட் பல்ப் (தூரம் அடிக்கிற ஹை பீமுக்கு 45, தாழ்வாக அடிக்கிற டிம்முக்கு 40), அதாவது பி45டி. இப்போது எல்லா இடத்திலும் விற்கிற எச்4 பல்புக்குத் தட்டு வேறு, அதில் உட்காராது. ஆனால் அகலத் தட்டிலேயே 100/90 ஹாலஜன் கிடைத்தது. மாட்டினேன், முதல் இருபது நிமிடம் பிரமாதம். அப்புறம் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. கழற்றிப் பார்த்தால் ஹோல்டர் உருகிப் பல்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறதை அந்த வயதான ஒயர் எப்படித் தாங்கும்?

புது ஹோல்டர் போட்டு, பழைய பல்பையே மாட்டி, இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை வைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பேட்டரியில் 13.8 வோல்ட், பல்ப் ஹோல்டரில் 11. மூன்று வோல்ட்தானே என்று விடக்கூடாது, இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மளமளவென்று விழும்; இந்தக் கணக்குக்குப் பாதிகூடத் தேறாது. தின்றது யார் என்று தேடினால், காலால் அழுத்துகிற டிம் சுவிட்ச். மீன் தண்ணீரும் உப்பும் வருடக்கணக்கில் அதன் மேல்தான் சொட்டியிருக்கின்றன. எர்த் போல்ட்டும் துருவில் பொரிந்து கிடந்தது.

எர்த்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், நடுவில் பியூஸ், ஹை பீமுக்கு ஒன்று டிம்முக்கு ஒன்று என இரண்டு ரிலே, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச். இனி பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டிவிட்டால் போதும், அதன் வழியாகக் கால் ஆம்பியர்கூடப் போகாது. அளந்தேன்: ஹோல்டரில் 13.4.

ரிஃப்ளெக்டர் கடல் காற்றில் வெள்ளைபூத்துப் போயிருந்ததால் 7 இஞ்ச் டூமையே எச்4 பல்புக்கானதாக மாற்றிவிட்டேன். டூம் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். சாலையின் வலதுபக்கமாக ஓட்டுகிற நாடுகளுக்கான கண்ணாடியும் விற்பனைக்கு வருகிறது. அதை மாட்டி டிம் போட்டால் வெளிச்சம் இடது ஓரம் ஏறாமல் எதிரே வருகிற பஸ் டிரைவர் கண்ணில் ஏறும். பல்ப் சாதாரண 60/55 தான். எல்ஈடி போடச் சொல்லி நண்பன் நச்சரித்தான். எச்4-இன் டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கிறது, அதுதான் வெளிச்சம் மேலே சிதறாமல் மறைக்கிறது. இழை நிற்கிற அதே இடத்தில் எல்ஈடி சில்லு நிற்காவிட்டால் பளபளப்பு இருக்கும், சாலை தெரியாது. நான் பார்த்த மலிவு ரகம் எதிலும் அது சரியாக நிற்கவில்லை. அதனால் வேண்டாம்.

கோவில் மதில் முன்னால் 25 அடியில் நிறுத்தி, டிம் விளக்கின் கோடு டூமின் மையத்துக்கு மூன்று இஞ்ச் கீழே விழுகிற மாதிரி திருகாணியைத் திருப்பினேன். இடது பக்கத் திருகாணி ஒன்று துருவில் முறிந்தது, அதற்கே ஒரு ஞாயிறு போனது.

போன வாரம் விடியற்காலை நாலு மணிக்குச் சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகம் வரை போய்விட்டு வந்தார். வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "ஹாரன் சத்தமே வரலையேடா" என்றார்.