வெள்ளகவி வழியாகப் பெரியகுளத்து முருகனிடம்

கொடைக்கானலிலிருந்து பெரியகுளம் பாலசுப்பிரமணியரைத் தரிசிக்கப் பேருந்தில் போகலாம். ஆனால் மலையை நடந்து இறங்கி அவன் சந்நிதியில் நிற்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் வேண்டுதல். ஆகவே வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்னும் மலைக்கிராமம் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதையில் விடியற்காலையிலேயே புறப்பட்டோம்.

1821ஆம் ஆண்டில் நில அளவைக்காக வந்த ஆங்கிலேய அதிகாரி வார்டு, வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்துதான் கொடைக்கானல் மலை மீது ஏறினார். இன்று சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழியும் அந்நகரம் உருவாவதற்கு முன்பே இவ்வூர் இருந்தது என்பதை நினைக்க வியப்பே மிஞ்சுகிறது.

டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டியதும் சோலைக்காடு சூழ்ந்துகொள்கிறது. மரவேர்களே படிகளாக அமைந்த ஒற்றையடிப் பாதையில், ஊருக்கான அரிசியையும் எண்ணெயையும் சுமந்து வந்த மட்டக்குதிரைகளுக்கு ஒதுங்கி வழிவிட்டோம். இறங்க இறங்கக் குளிர் விலகி, காப்பிச் செடிகளும் ஆரஞ்சு மரங்களும் தென்படத் தொடங்கின.

ஊர் எல்லையில் ஒரு பெரியவர் எங்கள் கால்களைத்தான் முதலில் பார்த்தார். "சாமி குடியிருக்கிற தெரு தம்பி, செருப்பக் கையில எடுத்துக்கங்க" என்றார். வெள்ளகவியில் யாரும் காலணி அணிவதில்லை. கோயில்களுக்கு நடுவே வீடுகள் இருப்பதால், ஊர் முழுவதையும் அவர்கள் சந்நிதியாகவே கருதுகிறார்கள். கோபுரமோ மதிலோ இல்லாத சிறு கோயில்கள் அவை. ஒரு திண்ணையை ஒட்டியிருந்த மேடையில், எண்ணெய்ப் பிசுக்கேறிய சூலத்தின் முனையில் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது; அதன் அடியில் கொட்டியிருந்த திருநீற்றை நாங்களே எடுத்துப் பூசிக்கொண்டோம். பெரிய கோயில்களில் வரிசையில் நெருக்கித் தள்ளப்பட்டுப் பெறும் தரிசனத்தைவிட, வெறுங்காலில் அந்தக் கல் பதித்த சந்துகளில் நடந்ததே எனக்கு நிறைவாக இருந்தது.

ஆயினும், சாலை இல்லாத ஊர் என்று நாம் மெய்சிலிர்ப்பதில் ஒரு தன்னலமும் உண்டு. இங்கே நோயுற்றவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் டோலி கட்டித்தான் பெரியகுளத்துக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார்கள். நமக்கு ஒருநாள் நேர்த்திக்கடனாக இருக்கும் பாதை அவர்களுக்கு அன்றாடப் பாடு.

கீழ் எல்லையைக் கடந்து காலணியை அணிந்தபின், வெயில் ஏறிய செங்குத்தான இறக்கம் முழங்கால்களை நன்றாகவே சோதித்தது. கும்பக்கரையில் சற்று இளைப்பாறி, பேருந்தில் பெரியகுளம் சேர்ந்தோம். ஆண் மருத மரமும் பெண் மருத மரமும் எதிரெதிர்க் கரைகளில் நிற்க இடையே ஓடும் வராக நதியில் நீராடுவது காசியில் நீராடுவதற்கு ஒப்பானது என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. அந்த ஆற்றில் கால் நனைத்து, மாலைப் பூசைக்குள் வள்ளி தெய்வானையுடன் அருள்பாலிக்கும் முருகனைத் தரிசித்து, அர்ச்சனையை வெள்ளகவி ஊரார் பெயரிலும் சேர்த்துச் செய்தோம்.